மலை திரும்பிய இடத்தில் ஒரு கிணறு

என் தங்கை ரகியாவின் புருஷன் புஷ்தா எனக்கு நாற்பதாயிரம் ரியால் கடன்பட்டிருந்தான். உறவு வேறு, பணம் வேறு என்று வாழ்ந்தவன் நான். பள்ளிவாசலில் நாலு அத்தியாயம் ஓதியதோடு என் படிப்பு முடிந்தது. இன்று சீதி காசிம் சந்தையில் என் பெயரைச் சொன்னால் ஆழ்துளைக் கிணறு போடும் இரண்டு லாரிகளைக் காட்டுவார்கள். அது இருக்கட்டும்; இப்போது சொல்லப்போவது புஷ்தாவைப் பற்றி.

அவன் வடக்கே ரிஃப் மலைக்காரன். கிணறு வெட்டுகிற குடும்பம். ஒலிவ மரத்தில் ஏறச் சொன்னால் கை நடுங்கும். குழிக்குள் இறங்கச் சொன்னால் பாட்டு வரும். அவன் பிறந்த ஊரில் மலை நேராக ஓடுகிறது. இரண்டு ஊற்றுகளைக் கண்ணால் கோத்து, அந்தக் கோட்டிலேயே நடந்து போய் வெட்டினால் தண்ணீர் நிச்சயம். அந்த வித்தையை அப்படியே எங்கள் பக்கம் கொண்டுவந்தான். எங்கள் செர்ஹூன் மலைகளோ அரிவாள் மாதிரி வளைந்தவை. மலை திரும்பியது, அவன் கோடு திரும்பவில்லை, சமவெளிக்குள் போய்விட்டது. இரண்டு வருஷத்தில் இரண்டு கிணறு வெட்டினான். இரண்டிலும் நீலக் களிமண், அதற்கு அடியே இல்லை. தண்ணீர் வராத கிணற்றுக்குக் கூலி கிடையாது என்பது எங்கள் வழக்கம். அந்த இரண்டு வருஷமும் அவன் வீட்டில் அடுப்பெரிந்தது என் பணத்தில்.

எனக்கு அந்தக் களிமண்ணைத் தெரியும். இருபது வயதில் எண்ணெய்க் கம்பெனியில் இரும்புக் குழாய் சுமந்தவன். பூமியின் வயிற்றிலிருந்து வந்த மண்ணைக் கழுவிக் கழுவிக் கற்றேன். தரையில் விரித்த கம்பளத்தை நடுவில் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். நடுப்பகுதி முன்னால் பாயும், ஓரங்கள் பின்தங்கும், மடிப்புகள் வில்லாக வளையும். எங்கள் மலையும் வடக்கிலிருந்து அப்படித் தள்ளப்பட்டதுதான். அந்த மடிப்புகளின் கனம் தாங்காமல் முன்னால் இருந்த நிலம் அமுங்கித் தொட்டியானது; தொட்டியில் கடல் வந்து நின்றது. அந்தக் கடல் விட்டுப்போன சேறுதான் நீலக் களி. இன்றும் அதில் சுறாப் பல் கிடைக்கும். தண்ணீரை வைத்திருக்கும் வெள்ளைப் பாறை மலையோடு வளைந்து, களிக்கு அடியில் இறங்கிவிடுகிறது. மலையடியில் களி மெலிசு. விலக விலகப் பாதாளம்.

மழை பொய்த்த வருஷம் அது. விதவை லல்லா தாமுவின் ஒலிவத் தோப்பு சரியாக மலை திரும்பும் இடத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே புஷ்தாவைக் கூட்டிப்போனேன்.

“மாப்ள, ஒன் கோட்ட விட்டுத் தொல. மலை திரும்புற எடத்துல நீயும் திரும்பு.”

“மலை ஒங்கிட்ட வந்து சொல்லிச்சா மச்சான்?”

“சொன்னதுக்கு முதுகெல்லாம் குழாய்த் தழும்பு இருக்கு. சட்டையக் கழட்டவா?”

“வேணாம், இப்பத்தான் சாப்பிட்டேன்.”

இதுவும் வறண்டால் அவனுடைய கோவேறு கழுதை எனக்கு. அவன் ரகியாவைக் கூட்டிக்கொண்டு காசாபிளாங்காவுக்குச் செங்கல் சுமக்கப் போக வேண்டியதுதான். சொல்லிவிட்டேன். அவனும் தலையாட்டினான்.

எட்டுப் பாகத்தில், அதாவது எட்டு ஆள் ஆழத்தில், களி முடியும் என்று சொல்லியிருந்தேன். பன்னிரண்டு ஆயிற்று, களிதான் வந்தது. கழுதையைப் பிடித்து நடத்திக் கயிறிழுத்த தாமு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒங்க வாய் எட்டுப் பாகம், கெணறு பன்னெண்டு பாகம்.”

அடுத்த வாளியில் வந்த களி ஈரமாக இருந்தது. விரலால் நசுக்கினேன், வெள்ளைக் கல் பொடி நெறுநெறுத்தது. எண்ணெய்க் கம்பெனியில் இப்படி வந்தபோது ஆட்கள் கருவியைப் போட்டுவிட்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். களி என்கிற மூடிக்குக் கீழே தண்ணீர் சும்மா கிடப்பதில்லை. மலைமேல் பெய்த மழையெல்லாம் பின்னாலிருந்து அதை நெருக்கிக்கொண்டிருக்கும்.

“இடுப்புல கயித்தக் கட்டுடா. குனியாத, நின்னுக்கிட்டே கடப்பாரையால குத்து.”

“கெணறு வெட்டுறது நானா நீயா?”

“காசு குடுத்தவன் நான். கட்டு.”

கீழே அவன் சிரித்தது கேட்டது. கட்டிக்கொண்டான். நாலு குத்து விழுந்திருக்கும். கோணிச் சாக்கைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். கயிறு துள்ளியது.

“இழுங்க!” என்று கீழேயிருந்து கத்தினான்.

கழுதை காதை மடக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கிணற்றின் சத்தத்தில் அதன் தோல் நடுங்கியது. அடித்தேன், நகரவில்லை. கீழே புஷ்தாவின் குரல் பாதியில் அறுந்தது. தாமு தலைத்துணியை உருவிக் கழுதையின் கண்ணைக் கட்டினாள். அதன் காதோரம் ஏதோ முணுமுணுத்தபடி கழுத்துக் கயிற்றைப் பிடித்துப் பின்வாங்கினாள். ஓரடி வைத்தது. இன்னொன்று. நான் கிணற்று வாயில் குப்புறப் படுத்துக் கயிற்றைப் பிடித்தேன். ரகியாவின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கயிற்றைவிட வேகமாக ஏறிவந்தது. அதற்குள்ளிருந்து முதலில் ஒரு கை வந்தது.

வெளியே போட்டோம். சேற்றைக் கக்கினான். இருமினான்.

“மச்சான், கடப்பாரை போச்சு.”

“கடன்ல சேத்துக்கிறேன்,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

உயிர் வந்தது, கூலி வரவில்லை. எங்கள் பக்கத்துக் களியில் உப்புத் தண்ணீரும் உண்டு. புதுக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டு, நிலத்துக்காரர் குடித்து ஒப்பிய பிறகுதான் பணம். தண்ணீர் தெளியும்வரை மூவரும் உட்கார்ந்திருந்தோம். தாமு கெண்டியை ஏற்றினாள். நான் சர்க்கரைக் கட்டியை நீட்டினேன்.

“அத அப்பால வையுங்க. சக்கர போட்டா கடலும் இனிக்கும்.”

வெறும் தேநீரை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் விழுங்காமல் இருந்தாள். புஷ்தா தரையைப் பார்த்தான். நான் கழுதையைப் பார்த்தேன். எனக்கு அது வேண்டாம் என்று அப்போதுதான் தோன்றியது. அவள் விழுங்கினாள்.

“கெணத்தச் சுத்திக் கல்லுச் செவரு எப்பக் கட்டித் தருவ?” என்று புஷ்தாவிடம் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் போய்ப் பண முடிச்சை எடுத்து வந்தாள்.

வாங்கியவன் முகம்கூடக் கழுவவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றான்.

“கைய நீட்டு மச்சான்.”

“இருக்கட்டுண்டா, நாளைக்கு...”

“நீட்டுன்னேன்ல.”

நீட்டினேன். களிமண் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களை ஊதிப் பிரித்து, இரண்டாயிரம், நாலாயிரம் என்று ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தான்.