அந்தரத்தில் இன்ஜினை அணைக்கிற மாப்பிள்ளை

எங்கள் அப்பா யாரையும் லேசில் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றிய பாலை விரலால் தொட்டுப் பார்ப்பார். ரேஷன் கடையில் எடைக்கல்லைக் கையில் தூக்கிப் பார்ப்பார். அர்ச்சனையில் நம் பெயரைத்தான் சொன்னார்களா என்று பிரகாரம் சுற்றும்போது அம்மாவிடம் விசாரிப்பார். அந்தக் குணம் எனக்கு அப்படியே வந்திருக்கிறது என்று வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். எதற்காகச் சொல்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்பாவின் தங்கை, என் அத்தை, திருநெல்வேலி டவுனில் எங்களோடுதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நிச்சயம் செய்து முறிந்திருந்தது. அந்த மாப்பிள்ளை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, எனக்கு எதற்கும் பயம் கிடையாது, யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்தட்டியவர். அவருடைய தாயார் ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு நிச்சயமும் முறிந்தால் அத்தைக்குக் கல்யாணம் என்ற பேச்சே அதோடு முடிந்தது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. அத்தை பக்கத்தில் படுத்தால்தான் எனக்குத் தூக்கமே வரும்.

அப்படியிருக்கையில் தரகர் இரண்டாவது ஜாதகத்தைக் கொண்டுவந்தார். களக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். மஸ்கட்டில் எண்ணெய்க் கம்பெனி ஹெலிகாப்டர்களுக்கு மெக்கானிக். லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். எல்லாம் சரியாக இருந்ததே அப்பாவுக்குச் சரியாகப் படவில்லை.

பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் ஊர் டீக்கடையில் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரென்று சொல்லிக்கொள்ளாமல் போய், ஒரு டீயை வாங்கி, மழை தண்ணியைப் பற்றி ஆரம்பித்துப் பைய மாப்பிள்ளைக்கு வரவேண்டும். அப்பா போய் வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே நின்றார். அந்த மனுஷர் தினமும் காலையில் வறண்ட குளத்துக்குள் இறங்கி, ரிமோட்டில் ஓடுகிற ஒரு சின்ன ஹெலிகாப்டரைப் பறக்கவிடுகிறாராம். அதுகூடப் பரவாயில்லை. நல்லா மேலே போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜினை அமத்திவிடுகிறாராம். எதுக்குன்னு கேட்டால் டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லையாம்.

“வெளையாட்டுச் சாமான் வச்சு வெளையாடுத வயசா அது?” என்றாள் அம்மா.

“வெளையாட்டுன்னா பறக்க விடுவான். இவன் பறக்குததை அமத்துதான். இதுல என்னமோ இருக்கு,” என்றார் அப்பா.

ரிமோட்டில் குண்டு வைக்கிற செய்திகள் பேப்பரில் வந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் ரிமோட் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லவே ஜனங்கள் யோசிப்பார்கள். அத்தை விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஆனால் வெகுநேரமாக ஒரே தாளைத்தான் வைத்திருந்தாள்.

நேரில் பார்த்துவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். “ஏட்டி, நீயும் கெளம்பு. பிள்ளையோட போனா எவனும் சந்தேகப்பட மாட்டான்,” என்றார். விடியும் முன்பே ஸ்கூட்டரில் புறப்பட்டோம். சாலை எங்கெல்லாம் சரிந்ததோ அங்கெல்லாம் அப்பா வழக்கம்போல இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தன்போக்கில் ஓடவிட்டார். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. போகிற வழியெல்லாம் நான் ஒரே நினைப்பாக இருந்தேன். ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அத்தை நம் வீட்டிலேயே இருப்பாள்.

குளத்துக்குள் தண்ணீர் இல்லை. கரைக்கு இந்தப் பக்கம் உடைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். ஆனிக் காற்று தொடங்காத காலம், இலை அசையவில்லை. நடுக்குளத்தில் லுங்கிச் சாரம் கட்டிய ஒருவர் கழுத்தில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு நின்றார். பெட்டியிலிருந்து நீளமாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பூனையை வாலோடு அளந்தால் வருகிற நீளத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் அவருக்கு முன்னால் புகை கக்கி எழும்பியது. பனை உயரத்துக்கு மேலே போனதும் சட்டென்று சத்தம் நின்றது. விசிறி காற்றை அரிகிற ஓசை மட்டும் கேட்டது. அது சரிந்து வேகமாகக் கீழே வந்தது. தரையைத் தொடப்போகும் சமயத்தில் மூக்கைத் தூக்கி, ஒரு கணம் தயங்கி, புழுதி கிளம்ப உட்கார்ந்தது.

அப்பா ஹெலிகாப்டரைப் பார்த்தார். நான் குறையல்லவா தேடிப் போயிருந்தேன்? ஆளைப் பார்த்தேன். அது இறங்கியதும் அவர் பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, விரல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் சாரத்தில் துடைத்தார். மறுபடி பெட்டியை மாட்டி, மறுபடி மேலே ஏற்றி, மறுபடி இன்ஜினை அணைத்தார். இந்தத் தடவை அது குப்புற விழுந்து விசிறி முறிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் எங்களைப் பார்த்துவிட்டார். அப்பா காக்கிப் பேன்ட் போட்டிருந்தார். முடியையும் ஒட்ட வெட்டியிருந்தார். மாப்பிள்ளை ஓட்டமும் நடையுமாக வந்து, “வாங்க சார். போன மாசமே ஸ்டேஷன்லேர்ந்து வந்து பாத்துட்டுப் போனாங்களே சார்,” என்றார். மப்டி போலீஸ் என்று நினைத்துவிட்டார். அப்பா போலீஸ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் தோளை அழுத்தினார். பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. தொண்டையை மட்டும் செருமிக்கொண்டார்.

விசாரணை ஜோராக நடந்தது. பெட்டி எங்கே வாங்கியது என்று கேட்டார் அப்பா. அவர் சொன்னார். சம்பளம் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னார். சிகரெட் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார். வேகத்தில் அப்பா, “நட்சத்திரம் என்ன?” என்று கேட்டுவிட்டார்.

அவர் அப்பாவை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். “அனுஷம்,” என்றார். அதற்குப் பிறகு சார் போய் அண்ணாச்சி வந்தது.

“எதுக்கு இன்ஜின அமத்துதீங்க?” என்று அப்பா கடைசியில் கேட்டார்.

“பெரிய ஹெலிகாப்டர்லயும் எப்பமாவது அந்தரத்துல இன்ஜின் நின்னுரும் அண்ணாச்சி. நின்னா கல்லு மாதிரி விழாது. எறங்க எறங்க காத்தே விசிறியச் சுத்தும். அந்தச் சுத்த வச்சு, தரைக்குப் பக்கத்துல பைய உக்கார வைக்கணும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. இந்தச் சின்னதும் என்னைக்காவது தானா நிக்கும். நெசமா நிக்குத அன்னைக்குப் போயி அதப் படிச்சுக்கிட முடியாதுல்லா. எனக்கு இன்னும் சரியா வரல.”

சொல்லிவிட்டு முறிந்த விசிறியைக் கழற்றிப் புதியதை மாட்டினார். எனக்குக் காட்டுவதற்காக இன்னொரு தடவை மேலே ஏற்றினார். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்றேன். இன்ஜினை அணைக்கிற சமயத்தில் அவர் கட்டைவிரல் வெடவெடவென்று நடுங்கியது. அதைப் பத்திரமாக மனதில் முடிந்துகொண்டேன்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “தங்கமான ஆளு. எறக்கத்துல இன்ஜின் எதுக்குன்னு அமத்திட்டுக் காத்துலயே எறக்குதான். இப்படி ஒரு சிக்கனக்காரன் இந்தக் காலத்துல கெடைப்பானா?” இத்தனை சந்தேகக்காரருக்குத் தன்னைப்போல ஒருவரைக் கண்டதும் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது. இனி அத்தை சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

அத்தை கிணற்றடியில் சேலைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். “நீ என்னட்டி பாத்த?” என்று கேட்டாள்.

என்னிடம் இருந்த ஒரே சாட்சியை எடுத்துவிட்டேன். “அவரு பயந்தாங்கொள்ளி அத்தை. அமத்துறதுக்கு முன்னால கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. சாரத்துல தொடைச்சுக்கிடுதாரு.”

அத்தை சேலையைப் பிழிவதை நிறுத்தினாள். “பெறகு?”

“பெறகு என்ன, திரும்பவும் ஏத்துனாரு, திரும்பவும் அமத்துனாரு.”

“கை நடுங்கிக்கிட்டேவா?”

“ஆமா.”

அவள் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். பயமில்லாத ஆளை ஒருக்கப் பாத்தாச்சு என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு ஈரக் கையோடு அடுக்களைக்குப் போய் அம்மாவிடம், “சரின்னு அண்ணன்ட்ட சொல்லிருங்க மதினி,” என்றாள்.

மாப்பிள்ளைமேல் இருந்த சந்தேகமெல்லாம் போய் எனக்கு அத்தைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நான் சொன்னது இவள் புத்தியில் ஏறவே இல்லையோ? பின்னாலேயே ஓடினேன். “நெசமாவே கை நடுங்கிச்சு அத்தை,” என்று அழமாட்டாத குறையாகச் சொன்னேன்.

“அதுக்குத்தாம்ட்டி,” என்று அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

கெடுப்பதற்காக நான் சொன்னது அந்த மனுஷருக்கு எப்படிச் சாதகமாய்ப் போனது என்று, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் முகத்தைத் தூக்கிவைத்து நின்றபோதும் எனக்குப் பிடிபடவில்லை.