இருபதாவது அட்டை

தாரிங்கா எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. பதினேழு வருஷம் விஹோர் கால்பந்து கிளப்பின் வேனை ஓட்டியவன் நான். அந்தப் பதினேழு வருஷமும் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "மெதுவாப் போடா லாஸா, பின்னாடி இருக்கிறது உருளைக்கிழங்கு மூட்டை இல்ல, புள்ளைங்க" என்று என் உயிரை எடுத்தவள் அவள். அகாடமியில் அவளுக்கு என்ன பதவி என்று கேட்டால் கிளப் தலைவருக்கே தெரியாது. சட்டை துவைப்பாள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்துக் காயவைப்பாள். அம்மாக்காரிகளோடு சண்டை போடுவாள். ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரர் அட்டைகளை நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் வியன்னாவில் குடியேறிவிட்டாள். பையன்கள் அவளை அத்தை என்பார்கள்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அகலம், முன்பக்கம் பையனின் படம், பின்பக்கம் டாக்டரின் சீல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பையனைச் சோதித்துப் பார்த்து, ஆடலாம் என்று சீல் அடிக்க வேண்டும் என்பது விதி. அட்டை இல்லாவிட்டால் களத்தில் கால் வைக்க முடியாது. பெற்ற தாயே வந்து இவன் என் பிள்ளைதான் என்று அழுதாலும் நடுவர் மசியமாட்டார்.

அந்த சீல் எப்படி விழும் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். மார்ச்சில் ஒரு நாள், செப்டம்பரில் ஒரு நாள், இருபது அட்டைகளையும் ஒரு பாட்டில் பிளம் சாராயத்தையும் எடுத்துக்கொண்டு தாரிங்கா என் வேனில் ஏறுவாள். டாக்டர் பாவ்கோவ் காபி போடச் சொல்வார். தீசா ஆற்றில் தான் பிடித்த கெளுத்தி மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டே டொக் டொக் என்று இருபது முறை குத்துவார். ஒரு பையன் கூட அந்தப் பக்கம் வந்ததில்லை. எல்லாக் கிளப்பும் இப்படித்தான். நான் வெளியே வேனில் உட்கார்ந்து கறி அடைத்த பூரெக் தின்றுகொண்டிருப்பேன். எங்கள் யாருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை.

அந்த வருஷம் எங்களிடம் ரெல்யா இருந்தான். பதினாறு வயது, சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ஸ்டோயானின் மகன். அவன் இடதுகாலில் பந்து வந்துவிட்டால் போதும், கம்பி வேலிக்கு வெளியே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கும் கிழவர்கள் மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குப் பெல்கிரேடிலிருந்து பெரிய கிளப்பின் ஆள் அவனைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. பிடித்துப்போனால் கோடையிலேயே அழைத்துக்கொள்வார்கள். மறுபடி வரமாட்டார், அந்த ஒரே சனிக்கிழமைதான். ஸ்டோயான் ஆலையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை பயிற்சியில் ரெல்யா மூலைக்கொடி அருகே சட்டென்று உட்கார்ந்தான். கை நெஞ்சில் இருந்தது, முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. பத்து எண்ணுவதற்குள் எழுந்து, சிரித்து, ஓடிவிட்டான். பயிற்சியாளர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பனியன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த தாரிங்கா பார்த்தாள். வேனில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த நானும் பார்த்தேன். பாவி, நானும் பார்த்தேன், பார்த்துவிட்டு அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தேன்.

அவள் நேராகப் பயிற்சியாளர் வுக்கோட்டாவிடம் போனாள்.

"வுக்கோட்டா, ரெல்யா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான்யா. சனிக்கிழமை அவனை எறக்காதே."

"அக்கா, காலையில பட்டினியா வந்திருப்பான், இல்லேன்னா தெருவுல கண்டதையும் தின்னுருப்பான். அவனை எறக்காம அந்த பெல்கிரேடு ஆளுக்கு நான் யாரைக் காட்டுறது, உன்னையா?"

பையன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாவ்கோவைத் தேடிப் போனோம். ஆற்றங்கரையில் தூண்டிலோடு இருந்தார். திங்கட்கிழமை கூட்டி வா என்றார். பெரிய ஆஸ்பத்திரியிலும் திங்கட்கிழமைக்கு முன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ஸ்டோயான் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் வாசலிலேயே நின்று பேசினான்.

"என் புள்ள குதிரை மாதிரி இருக்கான் தாரிங்கா அக்கா. பயந்திருப்பான், அவ்வளவுதான். நாளைக்கு ஒரு நாள் விட்டா அவன் வாழ்க்கையே போச்சு."

"ஒரு டாக்டர் பாத்துட்டு சரின்னு சொன்னா எனக்கு நிம்மதிடா."

"பாத்தாச்சே! மார்ச்சுல பாத்து சீல் வச்சாரே டாக்டரு. நீதானே அட்டையை எடுத்துட்டுப் போன?"

தாரிங்கா வாயைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் வேனுக்கு வந்துவிட்டாள். வீடு வரும்வரை மெதுவாப் போடா என்று கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆட்டம். பத்து இருபதுக்கு உடைமாற்றும் அறையில் நடுவர் அட்டைகளை எண்ணினார்.

"பத்தொன்பதுதான் இருக்கு. ஒன்பதாம் நம்பர் அட்டை எங்க?"

தாரிங்கா பையைக் கவிழ்த்தாள், உதறினாள். "ரெல்யாவுது வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன் போல" என்றாள். குரலில் பதற்றமே இல்லை.

 ரெல்யா ஒரு கால் ஷூவைக் கட்டிவிட்டு மறு கால் ஷூவைக் கையில் வைத்திருந்தான்.

"மறந்துட்டியா?" வுக்கோட்டாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "பதினேழு வருஷமா மறக்காதவ இன்னைக்குப் போயி மறந்தியா? லாஸா அண்ணே, வேனை எடு! பத்து அம்பதுக்குள்ள பட்டியலை மூடிருவாங்க!"

தாரிங்கா வீட்டுச் சாவியை நீட்டினாள். "சமையலறை மேசையில பாரு" என்றாள், என் கண்ணைப் பார்க்காமல்.

பாலத்தின் மேல் நான் ஓட்டிய ஓட்டத்தைப் போலீஸ்காரன் பார்த்திருந்தால் என் உரிமத்தைக் கிழித்திருப்பான். முட்டாள் கிழவி, ஒரு பையன் தலையெழுத்தையே மாற்றிவிட்டாளே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். மேசையில் அட்டை இல்லை. இழுப்பறையில் இல்லை, கோட்டுப் பையில் இல்லை, இஸ்திரி போட்டு வைத்த சட்டைகளுக்கு நடுவிலும் இல்லை. கடிகாரம் பத்து முப்பத்தைந்து காட்டியது.  அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். புனித நிக்கோலாஸ் படத்துக்குக் கீழே எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்று பண்டிகை ஒன்றும் இல்லை. படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

எடுத்துப் பார்த்தேன். ரெல்யா பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் பாவ்கோவின் சீல் ஊதா நிறத்தில் பளிச்சென்று இருந்தது. மறந்தவள் சாமி படத்துக்குப் பின்னாலா வைப்பாள்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இதை முடிவு பண்ண இவள் யார்? அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். கொண்டுபோய் வுக்கோட்டா கையில் கொடுத்துவிடுவது என்றுதான் கிளப்பினேன், சத்தியமாக.

பாலத்தின் நடுவில் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டினான். மூலைக்கொடி அருகே வெளுத்துப்போன அந்த முகம் என் முன்னால் வந்து நின்றது. இந்த அட்டையைக் கொடுத்து, அவன் இறங்கி, திரும்பவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, எழுந்திருக்காமலே போய்விட்டால்? கொடுத்த கை என் கை. கொடுக்காமல் விட்டு அவனுக்கு ஒன்றுமே இல்லை என்றால், அவன் வாழ்க்கையைக் கெடுத்த கையும் இதுதான். அவள் ஒருத்தி சுமந்துகொண்டிருந்ததைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டாளே என்று வாய்விட்டே கத்தினேன்.

பத்து நாற்பத்தேழுக்குக் களத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினேன். வுக்கோட்டா, ஸ்டோயான், ரெல்யா மூன்று பேரும் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், துவைத்த துண்டு ஒன்றைக் கையில் முறுக்கியபடி தாரிங்கா நின்றாள். என் சட்டைப் பையைத்தான் பார்த்தாள். தெரிந்துகொண்டாள்.

"கிடைச்சுதா?" என்றான் ரெல்யா. "லாஸா மாமா, கிடைச்சுதா?"

"இல்லடா" என்றேன். "வீட்டையே புரட்டிப் போட்டுட்டேன். இல்ல."

பெல்கிரேடு ஆள் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். ரெல்யா ஜீன்ஸும் பனியனுமாய் ஓரப் பலகையில் குனிந்து உட்கார்ந்திருந்தான், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஸ்டோயான் ஊர் பார்க்கத் தாரிங்காவின் எதிரில் வந்து நின்றான்.

"வீட்டுல கெடந்து சாகவேண்டிய கிழவிக்கு எதுக்குடி இந்த வேலை? என் புள்ளை வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

 வுக்கோட்டா கையை நீட்டி, "சாவியை வச்சுட்டுப் போயிரு. இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றான். துணி துவைக்கும் அறைச் சாவி, ஷூ அலமாரிச் சாவி, வாசல் சாவி என்று ஒவ்வொன்றாக வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். வேனில் ஏறியதும் அட்டையை அவள் மடியில் விட்டெறிந்தேன்.

"ஏன்கா, எனக்கு எதுக்கு சாவி குடுத்த?"

"நீ சாமி படத்தையெல்லாம் ஏறெடுத்துப் பாக்குற ஆளான்னு நெனச்சேன்டா."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சர்க்கரை ஆலை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வேலைக்கு வந்த ஸ்டோயானை மறித்து, அத்தனை பேர் நடுவிலும் சொன்னாள்.

"நான் மறக்கல ஸ்டோயான். ஒளிச்சு வச்சேன். அந்த சீலு பொய்யி. உன் மகன் நெஞ்சுல எந்த டாக்டரும் காதை வச்சுக் கேட்டதில்ல, நான்தான் சாராயம் குடுத்து வாங்கிட்டு வந்தேன். அடிக்கணும்னா அடிச்சுக்க. ஆனா இன்னைக்கு அவனை என்கூட அனுப்பு."

ஸ்டோயான் கையை ஓங்கிவிட்டான். நான் வண்டியிலிருந்து குதித்தேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எதைக் கேட்டதில்லைன்னு சொன்ன?" என்றான் சன்னமாக. இன்னொரு தடவை சொல்ல வைத்தான். "அவன் வீட்டுல தூங்குறான், போய் எழுப்பிக்க" என்று சொல்லிவிட்டு ஆலைக்குள் போகாமல் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரெல்யாவை அரை நாள் படுத்தினார்கள். நெஞ்சு முழுக்கக் கம்பிகளை ஒட்டி, ஓடும் பட்டையில் மூச்சு வாங்க ஓடவிட்டார்கள். இருட்டறையில் படுக்கவைத்து இதயம் அடிப்பதைத் திரையில் பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாரிங்கா அசையாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவோ இருக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆமாம், பையனுக்கு ஏதோ ஒன்று இருக்கட்டும், நாங்கள் செய்தது சரி என்று ஆகட்டும் என்று! இதை எழுதும்போது கூடக் கூசுகிறது.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு இளம் டாக்டரம்மா வெளியே வந்தார். பின்னாலேயே ரெல்யா.

"ஒண்ணும் இல்லைங்க, இதயம் அருமையா இருக்கு. சாப்பிடாம, தண்ணி குடிக்காம ஓடுனதுல மயக்கம் வந்திருக்கு. காலையில நல்லா சாப்பிடச் சொல்லுங்க."

"அப்போ நான் சனிக்கிழமை ஆடியிருக்கலாமா?" என்று கேட்டான் ரெல்யா.

டாக்டரம்மாவுக்கு எந்தச் சனிக்கிழமை என்று தெரியாது. "தாராளமா ஆடியிருக்கலாமே" என்றார்.

ரெல்யா திரும்பித் தாரிங்காவைப் பார்த்தான். "அத்தை, நான் ஆடியிருக்கலாம்."

"ஆடியிருக்கலாம்டா கண்ணு" என்றாள் அவள்.

அவன் விறுவிறுவென்று போய் வேனின் கடைசி சீட்டில் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "போச்சா? எல்லாம் போச்சா?" என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரம் என்றும் பாராமல் கத்தினேன். "ஒண்ணுமே இல்லாத புள்ளையோட வாழ்க்கையில வெளையாடிட்டோம். என்னையும் பொய் சொல்ல வச்சிட்ட. இப்ப உனக்கு என்னக்கா கெடைச்சுது?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக் கூட இல்லை, கன்னமெல்லாம் வழிந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பதினேழு வருஷம்டா லாஸா. வருஷத்துக்கு நாப்பது சீலு. எத்தனை புள்ளைங்களை எறக்கி விட்டிருக்கேன், கணக்குப் போட்டுப் பாரு. ஒருத்தன் நெஞ்சு நல்லா இருக்குன்னு எனக்கு நிச்சயமாத் தெரியுறது இன்னைக்குத்தான். ஒரே ஒருத்தன்."

 

அவள் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள். கிளப்பில் அவளுக்கு இனி வேலை இல்லை, சாவி இல்லை, பேச உரிமை கூட இல்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்த கோல்கீப்பர் பையன் வீடு எந்தத் தெருடா?" என்றாள். "இன்னும் பத்தொன்பது பேர் இருக்காங்க."