நாலு நாள் மாத்திரை

எழுபதுகளில் மலைமேல் பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில் எனக்கு வேலை. அங்கே காற்றிலும் தூள்தான். இரண்டே வருடத்தில் மூக்கு அடைத்துக்கொண்டது. குனிந்தால் கண்ணுக்குப் பின்னால் குத்தும். வேலையை விட்டுத் தொலைக்கலாம் என்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் விடவேண்டும். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நான் எங்கே போக?

ஒரே வழி, கவ்வாத்துக்கு மாறுவது. செடி வெட்டுகிற வேலை, வெட்டவெளி. அதற்கு எஸ்டேட் டாக்டர் கடிதம் தரவேண்டும். நல்ல மனுஷன்தான், ஆனால் புது மருந்து என்றால் அவருக்கு உயிர்.

"இது என்சைம் மாத்திரை. உள்ள இருக்கிற வீக்கத்தைக் கரைக்கும். பத்து நாள் சாப்பிடு. கேக்கலைன்னா கடிதம் எழுதறேன்."

நான்கு நாள் விழுங்கினேன். ஒரு மண்ணும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கீழே கம்பம் போனேன். குழந்தைக்குச் சளி என்று மனைவி வரவில்லை. போன மூன்றாம் நாள் பந்தியில் ரசத்தின் வாசனை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கீழே போய்த் திரும்புகிறவர்கள் முதலில் டிஸ்பென்சரியில் தலைகாட்டவேண்டும், காய்ச்சல் எதையும் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காக. டாக்டரைப் பார்த்ததும் சந்தோஷத்தில் உளறிவிட்டேன்.

"மூக்கு தெறந்துருச்சு சார்!"

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டியா?"

டாக்டர் கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல்லித்தானே பழக்கம். சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் சீட்டில், குணமாகிவிட்டது, பழைய வேலைக்கே போகலாம் என்று எழுதிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பொட்டலத்தை நீட்டினாள். "ஏங்க, மாத்திரைய இங்கனயே விட்டுட்டுப் போய்ட்டீகளே!"

மீதி ஆறு மாத்திரைகளும் அப்படியே இருந்தன. அடப்பாவி, தூசி இல்லாத ஊரில் அல்லவா மூக்கு திறந்திருக்கிறது! பொட்டலத்தோடு திரும்ப ஓடினேன்.

டாக்டர் எண்ணிப் பார்த்தார். முகம் இன்னும் மலர்ந்தது. "நாலே நாள்ல கேட்டிருக்கு! பாத்தியா மருந்தோட சக்தியை?"

"இல்ல சார், கீழ தூசி இல்ல..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ போ."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "மூக்கு தெறந்தா தெறந்துட்டுப் போகுது. வாயத் தெறக்கணுமா?"

மறுநாள் காலை சலிக்கும் அறைக்குள் போனேன். மத்தியானத்துக்குள் மூக்கு அடைத்துக்கொண்டது. அன்றைக்கு முழுக்க அந்த வாயால்தான் மூச்சு விட்டேன்.