கல் பட்ட சந்தோஷம்

நானும் மனைவியும் செஞ்சியிலிருந்து தளவானூருக்கு மண்பாதையில் போகிறோம். முன்னால் குலுங்கிப் போகும் ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து, எங்கள் ஜீப்பின் முன்கண்ணாடியில் படாரென்று அடிக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். கல் பட்டாலும் சில்லு பெயராது என்று சொல்லி நான் விலை கூடிய இந்தக் கண்ணாடியை மாட்டிய நாளிலிருந்து, தண்டச் செலவு என்கிறாள் என் மனைவி. இப்படி ஒரு கல்லுக்காகத்தான் நானும் காடு மேடெல்லாம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இறங்கிக் கண்ணாடியைத் தடவிப் பார்க்கிறேன். ஒரு பொட்டுக்கூட இல்லை. "பார்த்தியா?" என்கிறேன். அவளும் இறங்கி வருகிறாள்.

பாதையோரம் வேர்க்கடலையை அவித்து, மல்லாட்டை என்று கூவி விற்கும் அக்கா எழுந்து வருகிறார். "கல்லு பட்டதுக்கு இன்னாத்துக்கு சார் சிரிக்கிற?"

கண்ணாடியின் பெருமையைச் சொல்கிறேன். என் மனைவியின் கையில் ஒரு பிடி மல்லாட்டையைக் கொடுத்துவிட்டு, அக்கா பானெட்டைத் தொட்டுக் காட்டுகிறார். "அப்ப இது இன்னா சார்?"

கண்ணாடியில் பட்டுத் திரும்பிய கல் அங்கே விழுந்திருக்கிறது. பெயின்ட் பெயர்ந்து ஒரு குழி.

மனைவி சிரிக்கிற சிரிப்பில் மல்லாட்டை சிதறுகிறது. "அடுத்து பானெட்டுக்கும் ஏதாவது மாட்டுவீங்களா?"

நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?