இரண்டாவது பீமின் பெரிய றிங்குகள்

போன கிழமை அக்கரைப்பற்றில் பஸ்ஸுக்கு நிற்கையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு துணிக்கடை வாசலில் ஓடி ஒதுங்கினேன். எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் தலைக்கு மேலிருந்த கொங்கிறீட் பீமைப் பார்த்தேன். தூணோடு சேருமிடத்தில் தடித்து, தெருப்பக்கம் வர வர மெலிந்து, முன்னால் தாங்கலே இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிற பீம். ஓரத்தில் சிமெந்து பெயர்ந்து கம்பி தெரிந்தது. நனைந்த துருவின் வாடை. மெதுவாக வெளியே வந்து மழையிலேயே நின்றுகொண்டேன். இந்தப் பழக்கத்தால் என் மனிசியோடு ஒரு கலியாண வீட்டுக்கும் ஒழுங்காகப் போனதில்லை. "மத்த ஆக்கள் மாப்பிள்ளைய பாக்காங்க, நீங்க முகட்ட பாக்கீங்க" என்பாள்.

துரு வாடை என்றால் எனக்கு முபாறக்தான். கல்முனையில் ஒரு கடைத்தொகுதி கட்டும்போது நான் மேற்பார்வை, அவன் கம்பி கட்டுகிறவன். படிப்பு முடித்து வந்த முதல் வேலை எனக்கு. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆட்களுக்கு முன்னால் என்னைச் 'சேர்' என்பான். சோற்றுப் பார்சலை விரித்தால் 'மச்சான்'. ஒலுவிலில் கடலோரத்தில் வீடு. அவனுடைய உம்மா கட்டிக் கொடுக்கிற சோற்றில் எனக்கென்று ஒரு துண்டு மீன் தனியாக இருக்கும். அந்த மீனைத் தின்றவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

றிங் என்பது வேறொன்றுமில்லை, பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையம். நீட்டிக்கொண்டு நிற்கும் பீமை அறுத்து விழுத்தப் பார்க்கிற பாரம் தூணடியில்தான் அதிகம். அங்கே றிங்குகள் நெருங்கி நிற்க வேண்டும். நுனிப்பக்கம் கொஞ்சம் ஐதாக்கலாம். பீம் மெலிந்துகொண்டே போவதால் ஒவ்வொரு றிங்கும் முந்தியதைவிடக் குட்டை. எந்த அளவில் எத்தனை வளைக்க வேண்டுமென்று எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதினேன். பெரிய அளவிலிருந்து சின்ன அளவு வரை, எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. தூணடியில் நெருக்கமென்றால் பெரிய றிங்குகள்தான் கூட வேண்டும் என்பது மட்டும் அந்த அழகான தாளில் இல்லை.

முபாறக் தாளில் உள்ளபடியே வளைத்தான். முன்பக்கத்துக்கு இரண்டு பீம். முதலாவதை நெருக்கமாகக் கட்டி முடித்தபோது பெரிய றிங்குகள் தீர்ந்துவிட்டன. அன்று வெள்ளிக்கிழமை. கொங்கிறீட் மிக்ஸர் சுற்றத் தொடங்கிவிட்டது, கடற்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அவன் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னான்:

"ரெண்டாவதுக்கு அடியில றிங் காணாது மச்சான். கம்பியும் முடிஞ்சி. ஜும்ஆ முடிஞ்சி கட தொறக்கட்டும், எடுத்துட்டு வந்து வளைச்சித் தாறன்."

தாளை வாங்கிப் பார்த்தேன். பிழை யாருடையது என்று அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பொறுத்தால் முதலாளிக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

"இரிக்கிறத பரத்திக் கட்டு. ஊத்துவம்."

"நீதான் சொல்றாய்?"

"ஓம்" என்றேன். அவன் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்க் கட்டினான். தொழுகைக்கு முன்னமே ஊற்றி முடித்துவிட்டோம். மழை அன்று வரவேயில்லை.

மூன்று கிழமை கழித்து முட்டுக்கம்புகளைத் தட்டி எடுத்தார்கள். முதலாவது பீம் அசையவில்லை. இரண்டாவதில், மேலேயிருந்து தூணை நோக்கிச் சரிவாக, மயிர்க் கனத்தில் ஒரு வெடிப்பு. உடனே திரும்ப முட்டுக் கொடுத்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி வந்து அந்த இடத்தைக் கொத்தச் சொன்னார். றிங்குக்கும் றிங்குக்கும் நடுவே சாண் கணக்கில் இடைவெளி தெரிந்தது. இதிலிருந்த றிங்கெல்லாம் எங்கே போனதென்று, எல்லா வேலையாட்களுக்கும் முன்னால், அவர் கேட்டது முபாறக்கிடம்.

முபாறக் என்னைப் பார்த்தான். கோபமாக அல்ல. அடுத்த வார்த்தை என்னுடையது என்பதுபோல. நான் கையிலிருந்த அளவு நாடாவை இழுத்தேன், சுருள விட்டேன். இன்னொரு தரம் இழுத்தேன். அவன் கை, அந்தத் தாளை இன்னும் வைத்திருந்த சட்டைப் பை வரைக்கும் போனது, பிறகு இறங்கியது.

"பிழ நடந்திட்டு முதலாளி."

கம்பியை விற்றுத் தின்கிறவனுக்கு இங்கே வேலையில்லை என்றார் அவர். முபாறக் பீப்பாத் தண்ணீரில் கையைக் கழுவி, கம்பி வளைக்கும் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு கல்முனையில் ஒருவரும் அவனை வேலைக்குச் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். 'இரும்புக் கள்ளன்' என்ற பேர் ஊர் ஊராகப் போயிருந்தது. ஏன் அந்தத் தாளை எடுத்துக் காட்டவில்லை? எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறேன். அவன் உம்மாவின் மீன் துண்டு வரைக்கும் யோசித்திருக்கிறேன். இடித்துத் திரும்பக் கட்டிய இரண்டாவது பீமுக்குப் புதுத் தாள் எழுதியவனும் நான்தான். இந்த முறை சரியாக.

பிறகு கட்டாருக்குப் போனேன். பெரிய பெரிய கட்டடங்கள். எந்த பீமின் தூணடியில் குனிந்து றிங் எண்ணினாலும், பின்னால் ஒருவன் நிற்கிறான் என்றே பிடரி சொல்லும். திரும்பிப் பார்ப்பேன். இன்றைக்கும் பார்க்கிறேன்.

ஊர் திரும்பிய வருஷம் ஒலுவிலுக்குப் போனேன். 'அது எண்ட பிழ மச்சான்' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே. தெரு இருந்தது, முடிவில் வீடுகள் இருக்கவில்லை. கடல் இரண்டு வரிசையைத் தின்றிருந்தது. கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தேன். அந்த உம்மா மௌத்தாகி அடக்கமும் செய்தாயிற்று, மகன் எங்கேயோ போய்விட்டான், எந்த ஊரென்று தெரியாது என்றார். என்னமோ வாய் நிற்கவில்லை. தாளையும் வெள்ளிக்கிழமையையும் நாடாவையும் முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் முழுக்கச் சொன்னேன். ஊசியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான்.

போன மாசம் மறுபடி போனேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலும் இப்போது தண்ணீர்.