ஒரு முழ ஆழத்தில் ஒரு கரண்டி

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாளில், தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் இது நடந்தது. இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்திருக்கிறேன், லொறியில் கிளீனராகப் போயிருக்கிறேன், ஓப்பநாயக்கவில் தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்திருக்கிறேன். ஓரிடத்தில் ஆறு மாதம் தங்கினால் எனக்குப் பொறுக்காது. அந்தச் சமயத்தில் பெல்மதுளையில் ஒரு முதலாளியிடம் இருந்தேன். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. அது எத்தனை அடி ஆழம்வரை பிடிக்கும் என்று சோதித்துக் காட்டி, போனில் வீடியோ எடுத்துப் போடுவார். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் மெஷினைத் தேடி வருவார்கள். குழி வெட்டுவது என் வேலை.

ஓர் அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மோதிரத்தைப் போட்டு மூடுவேன். உண்மையில் ஒரு சாண் தாண்டினால் மெஷினுக்கு மோதிரம் தெரியாது. அதனால் ஆழமான குழியை மூடும்போது, மேலே நாலு விரல் ஆழத்தில் ஒரு பழைய அரத்தையும் புதைக்கச் சொல்வார். மெஷின் கத்தும். "பாருங்க, மூணு அடி!" என்பார். நானும் பக்கத்தில் நின்று சிரிப்பேன். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்று நினைத்தேன்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். மண்சரிவு வந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி அறையை, கடைசிக் காம்பராவை, மூடியிருந்தது. அவருடைய அக்காவின் புருஷன் உள்ளே புதைந்துபோனார். ஆமிக்காரர்களும் ஊர்ச்சனமும் பல நாள் தோண்டியும் ஆள் கிடைக்கவில்லை. மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்ததால் தேடுவதை நிறுத்தி, சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள்.

"மச்சானுக்கு முன்னாடி கால் முறிஞ்சி, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில உள்ளுக்கு பிளேட்டு வச்சாங்க முதலாளி. ஒங்க மெஷின் அந்தப் பிளேட்டைப் புடிக்குமா?"

"புடிக்காம? நாளைக்கே வாறோம். காசு வேணாம். வீடியோ மட்டும் எடுத்துக்கிறோம்."

அன்று மாலை முதலாளி வீட்டுக் குசினியிலிருந்து ஒரு சில்வர் கரண்டியை எடுத்துவந்து, "காலுல வைக்கிறதும் இந்த மாதிரி சாமான்தான், பொதைச்சுப் பாரு" என்றார். ஒரு முழத்தில் புதைத்தேன். மெஷின் ஊமையாக இருந்தது. மூன்று முறை பார்த்தோம். அங்கே மண் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே என்று வந்தவர் சொல்லியிருந்தார். அப்படியானால் போகப்போவதில்லை என்றுதான் நினைத்தேன். முதலாளி சிரித்தார்.

"லயத்துக் கூரை பூரா தகரம்டா. மெஷின் கத்திக்கிட்டே இருக்கும். நமக்கு அது போதும்."

நாளைக்கு அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று மண்வெட்டியைக் கழுவி வைத்தேன். மறுநாள் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஏறினேன்.

அந்த அக்கா நாடாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பையில் புது வேட்டி. கண்டெடுத்தால் போர்த்துவதற்கு. என்னைப் பார்த்து, "கருமாதியும் செய்ய முடியல தம்பி. பொட்டை அழிக்கவா, வைக்கவான்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல" என்றார்.

முதலாளி நாடாவை உயர்த்தி, குனிந்து உள்ளே போனார். மெஷின் எங்கே வைத்தாலும் கத்தியது. கத்திய இடத்தில் ஐந்து பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். "தோட்டத்துத் துரை நிக்கும்போதுகூட இப்பிடி வெட்டுனதில்ல" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். முதல் குழியில் கூரைத் தகரம். இரண்டாவதிலும் தகரம். மூன்றாவதில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. ஒவ்வொரு தடவையும் அந்த அக்கா எழுந்துவந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். முதலாளி போனைத் திருப்பி, "அக்கா, கொஞ்சம் கிட்ட வாங்க, மொகம் தெரியல" என்றார்.

நாலாவது குழி சரிவின் அடியில். தூறல் தொடங்கியிருந்தது. ஈர மண் சத்தமே இல்லாமல் இறங்கியது. எங்களைத் தேடி வந்தவரை, அந்த அக்காவின் தம்பியை, இடுப்புவரை மூடிவிட்டது. மண்வெட்டி பட்டுவிடும் என்று கையாலேயே பிறாண்டி இழுத்தோம். வெளியே வந்தபோது அவரால் மூச்சுவிடவே முடியவில்லை. ரோட்டுக்கு ஓடிப்போயிருந்த முதலாளி திரும்பிவந்து, "சரி, சரி, ஒண்ணும் ஆகலதானே. அந்தப் பக்கம் இன்னொரு எடம் கத்துச்சு" என்றார்.

"நேத்து கரண்டி கத்துச்சா முதலாளி?" என்று நான் கத்தினேன்.

"வாய மூடுடா. சோறு போட்ட ஆளுகிட்டயா பேசுற?"

லயத்திலிருந்து ஒரு சில்வர் கரண்டி கேட்டு வாங்கினேன். நாடாவுக்கு வெளியே, ஒன்றும் கிடக்காத இடமாகப் பார்த்து, அந்த அக்காவின் முன்னால் ஒரு முழம் தோண்டிப் புதைத்தேன். மெஷினை மேலே பிடித்தேன். சத்தமில்லை. அவர் என் கையிலிருந்து அதை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கையால் தோண்டி எடுத்து, மேல்மண்ணில் செருகிப் பிடித்தார். கத்தியது.

"அப்ப அவரு கெடக்குற எடத்துக்கு மேலயே நின்னாலும் இது கூப்பிடாது" என்றார்.

குழியில் நின்றவர்களைப் பார்த்து, "ஏறி வாங்க எல்லாரும். அவர எடுக்கப் போயி இன்னொருத்தர உள்ளுக்கு வைக்க வேணாம்" என்றார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். குழியிலிருந்து ஏறிய ஒருவர், "மெஷினத் தூக்கிட்டு எறங்குங்க. எங்க லயத்து நாய்க்கு இதவிட நல்லாத் தெரியும்" என்றார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். நானும் அவரோடு போகவில்லை.

அந்த அக்கா வேட்டியை மண்மேட்டின் ஓரத்தில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். அவர் தம்பி தூறலில் நனையாமல் மேலே ஒரு சாக்கைப் பிடித்துக்கொள்ள, வேட்டியின் முன்னால் சூடம் கொளுத்தினார். அந்த மண்மேடுதான் அவர் புருஷனுக்குப் புதைகுழி என்று முடிவாகிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார்.

"ஒனக்கு நேத்தே தெரியுமா தம்பி?"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சிக்கிட்டேவா என் தம்பிய எறங்க விட்ட?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்காக நின்றார். சாயங்கால பஸ்ஸில் அவிசாவளைக்கு வந்து, அங்கிருந்து எங்கேயோ போனேன்.

அந்த முதலாளியை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் அந்த மெஷினைத் தோளில் சுமந்து மலையேற்றியவன் நான். இப்போது எந்த வேலைக்குப் போனாலும், பொய் என்று தெரிந்ததை அங்கேயே அப்போதே சொல்லிவிடுகிறேன். அதனால் பல இடங்களில் வேலை போயிருக்கிறது. போகட்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிவைத்ததால், மறுநாள் ஒரு மனிதனை இடுப்புவரை மண் மூடியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.