நாலரையைத் தாண்டாத கடிகாரம்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர, பெரிய ற எனக்கு இன்னும் தகராறுதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் எனக்கு வேலை. பகலெல்லாம் சம்மட்டி பிடித்த கை, வீட்டுக்கு வந்தால் சின்னதாக எதையாவது தொடக் கேட்கும். சேலத்துப் பழைய சாமான் கடைகளில் சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரங்களை வாங்கிச் சேர்த்தேன். அவற்றோடு பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை. அது எனக்கு வசதி.

மகளுக்கு வந்த வரன்கள் தட்டிக்கொண்டே போயின. செவ்வாயைக் குறை சொல்லி ஓய்ந்த பிறகு, மனைவியின் அண்ணன் என் அலமாரியைத் திறந்தார்.

"ஓடாத கடியாரத்த இத்தன ஊட்டுல வெச்சுக்கிட்டா, புள்ளைக்கு நல்ல நேரம் எங்கிருந்து மாப்ள வரும்?"

மனைவி உடனே சாக்கைத் தேடினாள். பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடுவாளாம். கெஞ்சித் தவணை வாங்கினேன். கறுத்த எண்ணெயைக் கழுவி, துருவெடுத்து, பல் போன சக்கரத்துக்கு வேறு சக்கரம் தேடி எல்லாவற்றையும் ஓட வைத்தேன். ஓடின, ஆனால் எங்கள் பங்காளிகள் மாதிரி ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பெரிய வெள்ளிக் கடிகாரம்தான் மோசம். காலையில் சரியாக வைத்தால் சாயங்காலத்துக்குள் அரை மணி பின்தங்கிவிடும்.

அந்தச் சமயம் மல்லசமுத்திரத்து வரன் கூடி வந்தது. மச்சான் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து போய்விடுவார் என்று தரகர் எச்சரித்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வேன் வழியில் டயர் வெடித்து நின்று, தாமதமாக வந்தது. காபி கொடுத்து வெற்றிலை எடுத்து வைக்கும்போது என் செல்லில் நாலு நாற்பது. கதவோரம் நின்ற மகள் என்னையே பார்த்தாள்.

"மணி என்னாச்சுங்க சம்பந்தி?" என்றார் பெரியப்பா.

அங்கே எல்லாரிடமும் செல் இருந்தது. ஒரு கையும் செல்லுக்குப் போகவில்லை.

மச்சான் அலமாரியிலிருந்து வெள்ளிக் கடிகாரத்தை எடுத்து நீட்டினார். "நாலு பத்துதானுங்க. வெள்ளைக்காரன் காலத்துக் கடியாரமுங்க, தப்பாது."

"அது கொஞ்சம் மெதுவாத்தானுங்க..." என்று ஆரம்பித்தேன். மச்சான் என் காலை மிதித்தார்.

பெரியப்பா கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். அவர் மடியிலிருந்த செல் அந்த நேரம் பார்த்து வெளிச்சம் போட்டது. அதைக் கவிழ்த்து வைத்தார்.

"செல்லெல்லாம் டவரைப் பொறுத்துங்க. நேரம்னா இது நேரம். ஏனுங்க பார்த்துட்டே நிக்கறீங்க, தட்ட எடுங்க சாமி!"

தட்டு மாறியது. மகள் சிரித்தாள்.

முகூர்த்தத்துக்கும் இதே கடிகாரம் வர வேண்டும் என்று போகும்போது பெரியப்பா உத்தரவு போட்டார். உள்ளே இருக்கும் சுருள் கம்பியை ஒரு இழை சரிசெய்தால் நேரம் ஒழுங்காகிவிடும். நான் அதைத்தான் செய்யப் போகிறேன் என்று மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"கல்யாணம் முடியற வரைக்கும் அதத் தொட்டீங்கன்னா பாருங்க!"

குட்டித் திருப்புளிகள் எல்லாம் பீரோவுக்குள் போய்விட்டன. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் மகளின் பேனாவை வாங்கி இதை எழுதினேன்.

ஆவணி மாதம், ஒன்பதாம் தேதி.